மேனேஜருக்கும் ஒரு வாடகை

அந்தக் கட்டடத்துக்கு நான் குடிவந்த முதல் வாரம் விடாத மழை. கேன்டீனில் எங்களுக்கு ஒரே ஒரு வெள்ளைச் சட்டைதான் கொடுத்திருந்தார்கள். அது ஈரமாகவோ கசங்கியோ இருந்தால் பரிமாறுகிற பக்கம் விடமாட்டார்கள். பாத்திரம் தேய்க்க அனுப்பிவிடுவார்கள், அதற்குக் கூலியும் குறைவு. சாயங்காலம் சட்டையைத் துவைத்து வராந்தாக் கொடியில் போட்டேன். விடிந்து கதவைத் திறந்து பார்த்தால் கொடியில் சட்டை இல்லை. கீழே விழுந்திருக்கிறதா என்று குனிந்து தேடினேன். திரும்பினால் என் கதவுக் கைப்பிடியிலேயே ஒரு செய்தித்தாள் பொட்டலம் தொங்குகிறது. உள்ளே என் சட்டை, இஸ்திரிச் சூடு இன்னும் ஆறாமல் இருந்தது. ஆடிக்கொண்டிருந்த ஒரு பட்டனையும் யாரோ இறுக்கித் தைத்திருந்தார்கள்.

இந்தப் புதுஇடத்தில் எனக்கு யாரைத் தெரியும், கடவுள்தான் யாரையோ அனுப்பியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். காலரைத் தடவியபோது குட்டையாக ஒரு பழுப்பு முடி கையில் ஒட்டியது. நாய் முடி. அந்தக் கட்டடத்தில் நாய் வைத்திருந்தவர் என் பக்கத்து அறை அக்கா ஒருவர்தான்.

நன்றி சொல்லலாம் என்று போய்க் கதவைத் தட்டினேன். "என்ன சட்டை? ஊரார் சட்டைக்கு இஸ்திரி போடறதுதான் எனக்குப் பொழப்பு, வீட்டுக்கு வந்தும் அதையே பண்ணுவேனா?" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அக்கா அப்படித்தான். நேரில் இஸ்திரியக்கா என்று கூப்பிடுவார்கள், முதுகுக்குப் பின்னால் சுடுபெட்டி. ஆஸ்பத்திரிகளுக்கும் லாட்ஜுகளுக்கும் படுக்கை விரிப்பு துவைத்துக் கொடுக்கும் பெரிய லாண்டரியில் அவருக்கு இஸ்திரி மேசையில் வேலை. நாள் முழுக்க நின்றபடிதான் வேலை செய்ய வேண்டும். இரண்டு முன்கைகளிலும் முழங்கை வரைக்கும் நீராவி சுட்ட தழும்புகள், பழையதின் மேல் புதியது. கட்டிய புருஷன் எங்கே என்று யாராவது கேட்டால், "நல்லா இருக்கான், வேற வீட்டுல" என்பார். அதற்குமேல் கேட்க யாருக்கும் துணிச்சல் வராது.

நாயும் அந்த லாண்டரியில் பிறந்ததுதான். பாய்லர் அறைக்குப் பின்னால் குட்டியாகக் கிடந்தபோது ஒரு குழாய் இணைப்பு விட்டுப்போய் அதன் முதுகில் கொதிநீர் பட்டுவிட்டது. சாக்கில் கட்டி எங்கேயாவது விட்டுவிட்டு வா என்று சூப்பர்வைசர் சொல்லியிருக்கிறார். அக்கா அதைக் கிழிந்த விரிப்பில் சுற்றி அறைக்குக் கொண்டுவந்துவிட்டார். முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு அதற்கு முடியே முளைக்கவில்லை. பெயர் மேனேஜர். ஏனக்கா இந்தப் பெயர் என்று ஒருமுறை கேட்டேன்.

"ஒரு வேலையும் செய்யாது. நாள் பூரா படுத்திருக்கும். யாராவது வந்தா தலையை மட்டும் தூக்கிப் பார்க்கும். வேற என்ன பேரு வைக்கிறது?" என்றார்.

ஓனர் கீழ்வீட்டில் இருந்தார். ஏதோ ஒரு குடோனில் கணக்குப் பார்த்து ஓய்வுபெற்றவர். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. வாடகை விஷயம் எதுவானாலும் எல்லோரையும் வைத்துக்கொண்டு பேசமாட்டார். ஒவ்வொரு கதவாக வருவார், உள்ளே எட்டிப் பார்ப்பார், குரலைத் தணித்துக்கொள்வார். "உனக்கு மட்டும்தான்மா இந்த ரேட்டு. உன் குணத்துக்காகக் குறைச்சிருக்கேன். மத்தவங்க காதுக்குப் போச்சுன்னா எனக்குத்தான் தொல்லை" என்பார். இதை எல்லோரிடமும் சொல்லியிருந்தார் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. நமக்குத்தான் வாடகை குறைவு என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருந்ததால், அந்தக் கட்டடத்தில் வாடகைப் பேச்சை யாருமே எடுத்ததில்லை. அடுத்த வீட்டுக்காரர் பாவம், ஏமாந்துபோயிருக்கிறார் என்று ஒருவரை ஒருவர் பார்த்து இரக்கப்பட்டுக்கொண்டிருந்தோம்.

அக்கா குடிவந்தபோது நாயைப் பார்த்துவிட்டுத்தான் சாவி கொடுத்தாராம் ஓனர். அப்புறம் ஒருநாள் அறைக்கதவின் அடியில் நகக்கீறல் இருப்பதைக் கண்டுபிடித்தார். அந்த மாதத்திலிருந்து நாய்க்குத் தனியாக ஒரு தொகை தர வேண்டும் என்றார். எதற்கு என்று அக்கா கேட்டாராம். நாய் குழாய் திறக்கிறதா, விளக்குப் போடுகிறதா, கட்டிலில் படுக்கிறதா? பிடிக்கவில்லை என்றால் வேறு இடம் பார்த்துக்கொள் என்று ஓனர் முடித்துவிட்டார். நாயோடு வருகிறவருக்கு யார் அறை கொடுப்பார்கள்? அக்கா ஏற்கெனவே தெருத்தெருவாக அலைந்து பார்த்தவர்தான். சரி என்று கொடுக்க ஆரம்பித்தார்.

ஆனால் சும்மா கொடுக்கவில்லை. மாதம் பிறந்தால் ஓனர் வீட்டு வாசலில் போய் நின்றுகொள்வார். பக்கத்தில் மேனேஜரும் உட்கார்ந்திருக்கும். தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கிற நேரமாகப் பார்த்து, ஊருக்கே கேட்கிற குரலில் சொல்வார்.

"இந்தாங்க ஓனரே, இது என் வாடகை. இது மேனேஜர் வாடகை. ரெண்டு பேருக்கும் தனித்தனியா ரசீது குடுங்க."

ஓனர் ரசீது கொடுக்கிறவர் இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு பணத்தை மட்டும் வாங்கிக்கொள்வார். மாடிப்படியில் நின்று வேடிக்கை பார்க்கிறவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போவார்கள். அவமானப்படுத்துகிறாள் என்று அவருக்கு அக்காமேல் வன்மம் ஏறிக்கொண்டே போனது.

வெயில் காலத்தில் அக்கா நாயை மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி நிழலில் கட்டிவிட்டு வேலைக்குப் போனார். ஓனர் வந்து சத்தம் போட்டார். மாடி குடியிருப்பவர்களுக்குத்தான், மிருகத்துக்கு இல்லை என்றார். அப்படியென்றால் வாடகை மட்டும் எந்த மிருகத்திடம் வாங்குகிறீர்கள் என்று அக்கா கேட்டார். மறுநாள் மாடிக்கதவில் பூட்டுத் தொங்கியது. எங்கள் யாருக்கும் துணி காயப்போட இடமில்லாமல் போனது. அதற்குக் கோபம் ஓனர்மேல் வந்திருக்க வேண்டும். வந்தது என்னவோ அக்காமேல்தான்.

அதற்குப் பின்னால்தான் பக்கத்துக் கட்டடத்தில் தண்ணீர் மோட்டாரை ராத்திரியில் திருடர்கள் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். எங்கள் மோட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை. மேனேஜர் தொண்டை கிழியக் குரைத்ததை எல்லோருமே கேட்டோம். சில நாளில் ஓனர் கேட்டில் ஒரு தகரப் பலகை மாட்டினார். நாய்கள் ஜாக்கிரதை என்று சிவப்பு எழுத்தில், பல்லைக் காட்டுகிற ஒரு நாய்த்தலைப் படத்தோடு. அக்கா அதைப் பார்த்துவிட்டு கேட் வாசலிலேயே நின்றார். ஒரு குழந்தையைக்கூட அது நகத்தால் தொட்டதில்லை, இப்படி ஒரு கெட்ட பெயரை வாங்கிக் கொடுத்துவிட்டானே என்று என்னிடம் குமுறினார். அவரை அவமானப்படுத்தத்தான் பலகை என்று நானும் நினைத்தேன்.

அந்த வாரமே ஓனர் என் கதவுக்கும் வந்தார். என் வீட்டுக்காரர் வெளியூரில் கட்டட வேலையில் இருந்தார், நான் தனியாள். "கட்டடத்துக்குக் காவல் ஏற்பாடு பண்ணியிருக்கேன்மா. தனியா இருக்கிற பொம்பளை, பயமில்லாம தூங்கலாம். அதுக்குக் கொஞ்சம் சேர்த்துக் குடு. வெளிய சொல்லாதே" என்றார். என் கதவுத் தாழ்ப்பாள் ஆணி கழன்று ஆடிக்கொண்டிருந்தது. அதையும் சரிபண்ணித் தாருங்கள் என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார். யாரோ வாட்ச்மேன் தெருவில் சுற்றி வருகிறார்போல என்று நினைத்துக் காசைக் கொடுத்தேன். உண்மையில் என் கதவோரம் படுத்திருந்தது மேனேஜர்தான். அக்காவின் வாசலுக்கும் என் வாசலுக்கும் நடுவில் ஒரு கால்மிதி உண்டு. அது அங்கேயேதான் கிடக்கும்.

லாண்டரியில் வேலை குறைந்தது. பாதி நாள்தான் அக்காவைக் கூப்பிட்டார்கள். அது தெரிந்துதானோ என்னவோ, ஓனர் அப்போது பார்த்து இன்னொன்றைக் கிளப்பினார். படிக்கட்டு நாறுகிறது, நாய்க்காகச் சுத்தம் செய்கிற முன்பணம் என்று மொத்தமாக ஒரு தொகை வைக்க வேண்டும், இல்லையென்றால் நாயை அனுப்ப வேண்டும் என்றார். விடிகாலையில் எழுந்து அந்தப் படிக்கட்டைக் கழுவிவிட்டுப் போகிறவர் அக்காதான். கேன்டீனுக்குக் கிளம்பும்போது ஈரப் படியில்தான் நான் இறங்குவேன். அக்கா இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. "முன்பணம் எங்கிட்ட இல்ல. நாயை விடவும் மாட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

"அப்ப ஞாயித்துக்கிழமை எல்லாரையும் கூப்பிடறேன். அவங்களே சொல்லட்டும், நாய் வேணுமா வேணாமான்னு. வேணாம்னு சொன்னா அன்னிக்கே நாய் புடிக்கற வண்டி வரும், புடிச்சிட்டுப் போயிடுவாங்க" என்றார் ஓனர்.

அக்காவுக்கு முகம் வெளுத்துப்போனதை அன்றுதான் பார்த்தேன். அந்த வாரம் முழுக்க அவர் யாரையும் திட்டவில்லை. சுடுபெட்டி அணைந்துவிட்டதா என்று மாடிவீட்டு டிரைவர் குடும்பத்தில் கிண்டல் செய்தார்கள். நான் தினமும் விடியலில் கும்பிடும்போது அந்த வாயில்லா ஜீவனையும் சேர்த்து வேண்டிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கீழ்முற்றத்தில் எல்லோரும் கூடினோம். மாடிவீட்டு டிரைவர், அவர் மனைவி, மற்ற குடித்தனக்காரர்கள், நான். ஓனர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அக்கா சுவரோரம் நின்றார். மேனேஜர் கூட்டத்துக்கு நடுவில் போய், தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று தெரிந்ததுபோல வாகாகப் படுத்துக்கொண்டது.

நாயால் என்னென்ன தொல்லை என்று ஓனர் அடுக்கினார். முடி கொட்டுகிறதாம், சொறி வருமாம், புதிதாகக் குடிவர ஆள் பயப்படுகிறார்களாம். பிறகு ஒவ்வொருவரையும் பார்த்தார். ஓனர் நினைத்தபடி வாடகை ஏறுகிற இடத்தில் யார் மறுத்துப் பேசுவார்கள்? போகட்டும், போகட்டும் என்று தலையாட்டத் தொடங்கிவிட்டார்கள். டிரைவர் முறை வந்தது. அவர் ராத்திரி ஓட்டத்துக்குப் போகிறவர், காசில் கறார். தலையாட்டுவதற்கு முன்னால் ஒரு சந்தேகம் கேட்டார்.

"நாயை அனுப்பறது உங்க இஷ்டம் சார். அனுப்பிட்டா காவல் காசைக் குறைச்சிடுவீங்கல்ல?"

ஓனர் அவசரமாக, அதைத் தனியாகப் பேசிக்கொள்ளலாம் என்றார். அக்கா சுவரைவிட்டு நகர்ந்து முன்னால் வந்தார்.

"என்ன காவல் காசு?"

"அதான்க்கா, உங்க நாய் காவலுக்கு இருக்குன்னு மாசாமாசம் வாங்கறாரே. உங்களுக்கு வாடகையில கழிச்சுக் குடுக்கறார்னுதானே நான் நினைச்சிட்டிருக்கேன். எவ்வளவுன்னு உங்களுக்குத் தெரிஞ்சா நாய்க்குச் சம்பளமே கேட்பீங்க, சொல்லாதேன்னார்."

"நானும் கொடுக்கிறேன்" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. என் குரல் எனக்கே கேட்கவில்லை, ஆனால் மற்றவர்களுக்குக் கேட்டது. என் பின்னால் இன்னொருவர், நானும்தான் என்றார். இன்னொருவரும் சொன்னார். ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்துக்கொண்டோம். உனக்கு எவ்வளவு, உனக்கு எவ்வளவு என்று ஆரம்பித்தபோதுதான் வாடகையும் யாருக்கும் குறைவில்லை என்பது வெளியே வந்தது.

அக்கா சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். நல்ல சிரிப்பு இல்லை அது.

"எங்கிட்ட நாய் இருக்குன்னு அபராதம். இவங்ககிட்ட நாய் இருக்குன்னு கூலி. ஒரே நாயி. நாலு காலும் உங்களுக்கே சம்பாதிச்சுப் போடுது. பெத்த புள்ளைகூட இப்படி சம்பாதிச்சுக் குடுக்காது ஓனரே."

ஓனர் நாற்காலியைவிட்டு எழுந்தார். காசு நாய்க்கு இல்லை, அந்தப் பலகைக்கு, பலகையைப் பார்த்துத்தான் திருடன் வருவதில்லை என்றார்.

"பலகை குரைக்குமா சார்?" என்று டிரைவர் கேட்டார். சிரிப்பு வெடித்தது. குடித்தனக்காரர்கள் எல்லோரும் ஒன்றாகச் சிரித்ததை அந்த முற்றம் அதற்கு முன்னால் கேட்டிருக்காது. ஓனர் உள்ளே போய்க் கதவை அறைந்து சாத்தினார். வண்டி வரவில்லை. அந்த மாதமே நாய்க் காசும் நின்றது, காவல் காசும் நின்றது. கடவுள் கண் திறந்துவிட்டார் என்று அன்று மனம் நிறையக் கும்பிட்டேன்.

அவசரப்பட்டுவிட்டேன். அடுத்த மாதம் ஓனர் மறுபடியும் ஒவ்வொரு கதவாக வந்தார். இந்தத் தடவை குரலைத் தணிக்கவில்லை. கட்டடம் பழசாகிவிட்டது, ரிப்பேர் இருக்கிறது, எல்லோருக்கும் வாடகை ஏறுகிறது என்றார். காவல் காசையும் விட அதிகம். "எல்லாம் அந்தம்மா புண்ணியம். அவங்களைப் போய்க் கேளுங்க" என்று ஒவ்வொரு வாசலிலும் சொல்லிவிட்டுப் போனார்.

யாரும் போய்க் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, அக்கா பதில் சொல்லியிருப்பார். டிரைவர் மனைவி மேனேஜருக்கு வைக்கும் மீந்த சாப்பாட்டை நிறுத்தினார். அக்கா குழாயடிக்கு வந்தால் பேச்சு நின்றுபோகும். கால்மிதியை யாரோ தெருவில் வீசிவிட்டார்கள். தேடி எடுத்துவந்து மறுபடி போட்டால், இரண்டாம் நாள் அதில் தண்ணீர் கலக்காத பினாயில். நான் வேலைமுடிந்து வந்தபோது மேனேஜர் முன்காலைத் தூக்கி நக்கிக்கொண்டிருந்தது. பாதம் சிவந்து வெந்திருந்தது. அக்கா தரையில் உட்கார்ந்து ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டிருந்தார்.

யாரக்கா செய்தது, சொல்லுங்கள், போய்க் கேட்போம் என்றேன். எனக்கு அழுகை வந்தது.

"கேட்டு? ஓனரோட சண்டை போடலாம், அவன் காசு வாங்கறவன். இவங்ககூட என்னன்னு சண்டை போடறது? என்னை மாதிரியே நின்னு நின்னு காலு வீங்கினவங்க" என்றார். பாதத்தைத் துடைத்துக்கொண்டே, "ஏற்கெனவே ஒரு தடவை வெந்ததுதான். மறுபடியும் வேகணுமா?" என்று மெதுவாகச் சொன்னார். அது என்னிடம் சொன்னது இல்லை.

லாண்டரிக்குப் பக்கத்தில் சைக்கிள் கடைக்குப் பின்னால் தகரக்கூரை போட்ட ஒரு அறை கிடைத்தது. அங்கே குழாய் கிடையாது. நாயைப் பற்றிக் கேட்க ஆளும் கிடையாது. காலி செய்கிற அன்று ஓனர் வந்து கதவடியில் குனிந்து கீறலைத் தடவித் தடவிப் பார்த்து, குடிவந்தபோது வாங்கிய அறை முன்பணத்தில் கழித்துக்கொண்டார். அக்கா கேட்டுக்குப் போனதும் பலகையைக் காட்டி, அதைக் கழற்றிக் கொடுங்கள் என்றார்.

"அது என் காசுல அடிச்சது" என்றார் ஓனர்.

"நாயி என்னுது. நாயே இல்லாத வீட்டுக்கு எதுக்குங்க அது?"

"இருந்துட்டுப் போகட்டும். உனக்கென்ன?"

தள்ளுவண்டியில் ஒரு கட்டில், ஒரு டிரங்குப்பெட்டி, அடுப்பு, அதற்குமேல் மேனேஜர் நொண்டுகிற காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மாடியில் ஜன்னல்கள் திறந்திருந்தன, யாரும் இறங்கி வரவில்லை. அக்காவின் இஸ்திரிப்பெட்டியை நான் தெருமுனை வரை தூக்கிக்கொண்டு போனேன். அங்கே வாங்கி வண்டியில் வைத்துக்கொண்டார். உங்களுக்காகத் தினமும் வேண்டிக்கிறேன்க்கா என்றேன்.

அக்கா என் சட்டைக் காலரைப் பார்த்தார். மடங்கியிருந்த ஒரு மூலையைச் சூடு பட்டுத் தடித்த விரலால் நீவிவிட்டார்.

"எனக்காக வேண்டிக்கிறது இருக்கட்டும். உன் கதவுத் தாழ்ப்பாள் ஆடுது, மொதல்ல அதுக்கு ஒரு ஆணி அடி. இனிமே அங்க குரைக்கிறதுக்கு யாரும் இல்ல."